உங்கள் வட்டத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: புதுக்கோட்டையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மாவட்ட வரலாறு என்று அச்சாகும் புத்தகங்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் அத்தியாயம் கற்காலம், அடுத்தது சங்க காலம், அப்புறம் பல்லவர், சோழர், பாண்டியர், நாயக்கர், வெள்ளைக்காரன், கடைசியில் சுற்றுலாத் தலங்கள். அட்டையில் மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் பக்கத்து மாவட்டத்துக்கும் அதே புத்தகம் ஓடும். ராஜாக்களின் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்கள் ஊர்க் கண்மாயின் மடையை யார் வைத்தார்கள், சந்தை ஏன் செவ்வாய்க்கிழமை கூடுகிறது, மேலத் தெருக்காரர்கள் எந்தப் பஞ்சத்தில் எங்கிருந்து வந்தார்கள் என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அதை எழுத நினைப்பவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. தொல்லியல் பட்டம் தேவையில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், தபால்காரர், கடை வைத்திருப்பவர் என்று யாரும் செய்யலாம். எடுத்துக்காட்டுகளைப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். சமஸ்தானமாக இருந்த நிலம் என்பதால் அங்கே ஆவணங்களின் போக்கு கொஞ்சம் சிக்கலானது. அந்தச் சிக்கலைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு மற்ற மாவட்டங்கள் எளிது.

முதலில் எல்லையின் வரலாறு

எந்த ஆவணத்தையும் தேடுவதற்கு முன் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எழுதப்போகும் நிலம் எந்தக் காலத்தில் யாருடைய நிர்வாகத்தில் இருந்தது? இது சலிப்பான வேலைதான். ஆனால் காகிதம் எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்பதை இந்த ஒரு பக்கம்தான் சொல்லும்.

புதுக்கோட்டையையே பாருங்கள். தொண்டைமான்களின் சமஸ்தானம் குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்ற மூன்று தாலுகாக்களைக் கொண்டிருந்தது. 1948 மார்ச் 3 அன்று அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்றுதான் தனி மாவட்டம். அப்போது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பக்கமும் இதோடு சேர்ந்தது. ஆக இன்றைய ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள் ஓடுகின்றன. திருமயம் பக்கத்து ஊர் என்றால் 1948 வரை சமஸ்தானத்து தர்பார் ஆவணங்கள், அதன் பிறகு 1974 வரை திருச்சி கோப்புகள். அறந்தாங்கி பக்கத்து ஊர் என்றால் 1974 வரை தஞ்சாவூர். அறந்தாங்கிக்காரர் சமஸ்தான ஆவணத்தில் தன் ஊரைத் தேடினாலும், திருமயத்துக்காரர் வெள்ளைக்காரர் காலத்துத் திருச்சிக் கலெக்டர் கோப்பில் தேடினாலும் கிடைக்காது. ‘எங்கள் ஊரைப் பற்றி ஆவணமே இல்லை’ என்று சொல்பவர்களில் பலர் தப்பான அலமாரி முன்னால் நின்றவர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் இதே விதி. 1941 வரை புதுக்கோட்டை சமஸ்தானமாகத் தனியே எண்ணப்பட்டது. 1951, 1961, 1971 கணக்குகளைத் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டக் கையேடுகளில் தேட வேண்டும். புதுக்கோட்டை என்ற பெயரில் மாவட்டக் கணக்கு 1981-இல்தான் தொடங்குகிறது. அதோடு இலுப்பூர், விராலிமலை, பொன்னமராவதி போன்றவை பிற்காலத்தில் பிரிந்த வட்டங்கள். 1931-இன் குளத்தூர் தாலுகா எண்ணிக்கையையும் இன்றைய குளத்தூர் வட்டத்தின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஜனத்தொகை குறைந்துவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னும் பின்னால் போனால் நாடு, கூற்றம் என்று வேறு பிரிவுகள். பொதுவாக வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்பார்கள். கல்வெட்டில் வரும் ஊர்களை அந்தந்த நாட்டின் கீழ் வரிசைப்படுத்தினால் உங்கள் ஊர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எந்தப் பக்கம் முகம் வைத்திருந்தது என்று தெரியும். தமிழ்நாட்டில் வெள்ளாறு இரண்டு உண்டு. கடலூர் பக்கத்து வெள்ளாற்றுச் செய்தியைப் புதுக்கோட்டைக் கணக்கில் எழுதுவது அடிக்கடி நடக்கிற விபத்து.

எல்லைப் பக்கத்தை எழுதி முடித்ததும் எவ்வளவு நிலத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள். ஒரு ஆள், சொந்தச் செலவு, சனி ஞாயிறு என்றால் முழு மாவட்டம் கட்டுப்படியாகாது. ஒரு பிர்க்கா, அதாவது வட்டத்துக்குள் சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு, போதும். நன்றாக வந்தால் வட்டமாக விரியுங்கள்.

அச்சில் இருப்பதை ஊர்வாரியாகப் பிரியுங்கள்

ஏற்கெனவே அச்சானது எதிர்பார்ப்பதைவிட அதிகம். சென்னை மாகாண மாவட்டங்களுக்கு வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய மேனுவல்களும் கெசட்டியர்களும் உண்டு. தஞ்சாவூருக்கு 1906-லும் திருச்சிக்கு 1907-லும் கெசட்டியர் வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென்று மேனுவலும் வரலாறும் வெளியிட்டது. தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் மூல வாசகங்களை 1929-இல் தொகுத்து அச்சிட்டது. இந்திய அளவில் சமஸ்தானங்கள் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்பேன். மற்ற மாவட்டக்காரர்கள் மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளைப் பார்க்க வேண்டும். 1887-இலிருந்து வருகின்றன. ஊர், கோயில், சுவரில் இருக்கும் இடம், அரசன், ஆட்சியாண்டு, செய்தியின் சுருக்கம் என்று ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு பதிவு இருக்கும்.

பழைய அச்சுப் பிரதிகளில் கணிசமானவை இணைய ஆவணகத்திலும் (archive.org) தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இருக்கின்றன. நேரில் போவதானால் சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா, ரோஜா முத்தையா நூலகம். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகமும், தனியார் முயற்சியில் வளர்ந்த ஞானாலயா நூலகமும் இருக்கின்றன.

படிக்கும்போது புத்தகவாரியாகக் குறிப்பு எடுக்காதீர்கள். ஊருக்கு ஒரு தாள் போடுங்கள். எந்தப் புத்தகத்தில் அந்த ஊர் வந்தாலும் குறிப்பு அந்தத் தாளுக்குப் போகட்டும், பக்க எண்ணோடு. கணினியில் செய்பவர்கள் விரிதாளில் ஊருக்கு ஒரு வரிசை வைத்தாலும் சரி.

கெசட்டியரைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. அதில் மழை அளவு, விளைச்சல், சாலை, வரி பற்றிய பகுதிகள் பெரும்பாலும் நம்பத் தகுந்தவை, ஏனென்றால் அவை அலுவலகக் கணக்கிலிருந்து வந்தவை. ஜாதிகளைப் பற்றிய பகுதி அப்படியல்ல. அந்த அதிகாரி யாரிடம் கேட்டாரோ அவருடைய அபிப்பிராயம் அது. அந்தக் காலத்து அதிகாரி இப்படிப் பார்த்தார் என்று மேற்கோளாகக் காட்டலாம். நம்முடைய கூற்றாக எடுத்து எழுதக் கூடாது.

கண்மாயிலிருந்து நடக்கத் தொடங்குங்கள்

ஊருக்குள் போனதும் கால் தானாகக் கோயிலை நோக்கித்தான் போகும். முதலில் கண்மாய்க் கரைக்குப் போங்கள். புதுக்கோட்டை போன்ற வானம் பார்த்த பூமியில் ஊர் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தண்ணீர்தான் தீர்மானித்தது. கோயில் பின்னால் வந்தது.

கரை மேல் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடங்கள். மடைகள் எத்தனை, அவற்றின் பெயர் என்ன, நிரம்பிய தண்ணீர் வழியும் கலிங்கு எந்தப் பக்கம், மறுகால் போகும் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குச் சேருகிறது என்று குறியுங்கள். கண்மாய்க்கு உள்ளே, கரையை ஒட்டி, இரண்டு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் பலகைக் கற்களும் தெரிந்தால் அது பழைய குமிழி, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகு. அடியில் கல்தொட்டி, அதன் கூரையிலும் பக்கத்திலும் துளைகள். தண்ணீரைத் திறக்கும்போது மேலே தெளிந்த தண்ணீரும் அடியில் சேறு கலந்த தண்ணீரும் சேர்ந்து போகும். வண்டல் வயலுக்குப் போய்விடும், கண்மாயும் தூராமல் இருக்கும். இந்தத் தூண்களில் கல்வெட்டு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இன்னார் மகன் இன்னார் இந்தக் குமிழியைச் செய்வித்தார் என்பது போல இரண்டு மூன்று வரிதான் இருக்கும். ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவரின் பெயர் அது. கோடைக் கடைசியில் போனால்தான் தூணின் அடி வரை தெரியும்.

அப்புறம் கேட்க வேண்டியவை: ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், எவ்வளவு? பற்றாக்குறைக் காலத்தில் தண்ணீர் முறை எப்படிப் பிரித்தார்கள்? மடை திறக்கிறவருக்கு என்ன கொடுத்தார்கள்? மீன் ஏலத்துப் பணம் எந்தக் கணக்குக்குப் போனது? ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வந்தது எப்போது நின்றது? ஒரு ஊரின் அதிகார வரலாறு முழுவதும் இந்தப் பதில்களுக்குள் இருக்கும். கோயில் மரியாதையில் முதல் யார் என்று கேட்டால் சண்டை வரும். கடை மடைக்கு யார் நிலம் என்று கேட்டால் அதே விஷயம் சண்டையில்லாமல் தெரிந்துவிடும்.

அதே நடையில் ஊருணி, சந்தைத் திடல், பழைய வண்டிப்பாதை, சுமைதாங்கிக் கல், அய்யனார் கோயில், மயானங்கள், காலனி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கைபேசியில் இடக்குறியோடு படம் எடுத்து வையுங்கள். மயானம் ஒன்றா பலவா, காலனிக்குப் பாதை எப்போது வந்தது என்பதும் வரலாறுதான்.

தரையில் கிடக்கும் எதையும் தோண்டாதீர்கள். முதுமக்கள் தாழியின் விளிம்பு வெளியே தெரிந்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ எழுத்தில் சொல்லுங்கள். புதையலாகக் கிடைத்ததை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-இன் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பொற்பனைக்கோட்டையில் முறையான அகழாய்வு நடந்ததால்தான் அந்த மண்ணடுக்கின் கதை நமக்குக் கிடைத்தது. ஆர்வத்தில் யாராவது கிளறியிருந்தால் பானைத் துண்டு மட்டும் மிஞ்சியிருக்கும்.

கல்வெட்டைப் படிக்கும் வரிசை

இதில் பலர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். பதினோராம் நூற்றாண்டுக்குப் பிந்தைய தமிழ்க் கல்வெட்டை ஓரிரு மாதப் பழக்கத்தில் தட்டுத் தடுமாறிப் படித்துவிடலாம், அதுவும் அச்சில் வந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தால். புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். கிரந்த எழுத்து நடுநடுவே வரும். பழைய வடிவமான வட்டெழுத்துதான் தனிப் பாடம்.

படம் எடுக்கக் காலை ஏழு மணிக்குள், அல்லது சாயங்காலம். வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். இருட்டான மண்டபத்தில் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கத்திலிருந்து அடிக்கச் சொல்லி எடுங்கள். நேர் எதிரே பிளாஷ் அடித்தால் எழுத்து மறைந்துவிடும். சாக்பீஸ், கரி, எண்ணெய், மாவு எதையும் தடவக் கூடாது. காகிதத்தை நனைத்துச் சுவரில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றிப் படி எடுப்பது அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்ய வேண்டியது. சுவரின் முழுப்படம் ஒன்று, பிறகு இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி கிட்டத்துப் படங்கள். அளவுக்கு ஒரு ஸ்கேல் ஓரத்தில் இருக்கட்டும்.

வாசகத்தின் அமைப்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்வஸ்தி ஸ்ரீ என்று தொடங்கும், பிறகு அரசனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி, அரசன் பெயர், யாண்டு (ஆட்சியாண்டு) இத்தனையாவது, எந்த நாட்டு எந்த ஊர், யார் யாருக்கு என்ன கொடுத்தார், கடைசியில் சந்திராதித்தர் உள்ளவரை என்பது போன்ற காப்பு. மெய்க்கீர்த்தி ‘திருமகள் போல’ என்று வந்தால் முதலாம் ராஜராஜன். ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் ராஜேந்திரன். ‘புகழ்மாது விளங்க’ என்றால் முதலாம் குலோத்துங்கன். ராஜராஜன் பட்டமேறியது 985, ஆகவே அவனுடைய பத்தாவது யாண்டு என்றால் 994-95. வெறும் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். சோழர்கள் பரகேசரி, ராசகேசரி என்று மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். முதலாம் பராந்தகனும் பரகேசரி, உத்தமசோழனும் பரகேசரி. எழுத்தின் வடிவத்தையும் கல்வெட்டில் வரும் மற்றப் பெயர்களையும் பார்த்து அறிஞர்கள் முடிவு சொல்லும்வரை ‘ஒரு பரகேசரியின் கல்வெட்டு’ என்று எழுதுவதே சரி.

ஒரு கோயிலுக்குத் திருப்பணி தொடங்கப் போகிறது என்று காதில் விழுந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அங்கே போய்ப் படம் எடுங்கள். கல்லைப் பிரித்துத் திரும்ப அடுக்கும்போது வரிசை மாறும், எழுத்துப் பக்கம் உள்ளே திரும்பும், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் எழுத்தே தேயும்.

வருவாய்க் காகிதங்கள்

கல்வெட்டுக்குக் கிடைக்கும் மரியாதை கிராமக் கணக்குக்குக் கிடைப்பதில்லை. என் கணக்கில் இதுதான் பெரிய சுரங்கம்.

கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருக்கும் ‘அ’ பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே எண், பழைய எண், நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா, மண் தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்பு என்று கட்டங்கள். எல்லோரும் பெயர்க் கட்டத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் குறிப்புக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். கண்மாய், வாய்க்கால், மயானம், களம், வண்டிப்பாதை, ஊருணி, தோப்பு என்று வரும். இன்று பஸ் நிறுத்தம் இருக்கும் இடத்துக்கு நேரே ‘ஊருணி’ என்று இருந்தால் ஒரு அத்தியாயம் கிடைத்துவிட்டது. கையோடு புல வரைபடத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். மறு அளவை நடந்த ஊரில் பழைய எண் வேறு, புதிய எண் வேறு. இரண்டையும் பொருத்திக் காட்டும் பட்டியல் இல்லாமல் பழைய பத்திரத்தின் நிலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. 1980-களில் நடந்த யு.டி.ஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) பதிவுகளுக்கு முன், பின் என்று இரண்டு பிரதிகளைப் பார்ப்பது நல்லது.

வரி இல்லாமலோ குறைத்தோ விட்ட மானிய நிலங்களின் இனாம் பதிவேடுகள் இன்னும் சுவையானவை. சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் 1858-இல் வேலையைத் தொடங்கியது. புதுக்கோட்டையில் சேஷய்ய சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில் (1878-94) தனியாக இனாம் செட்டில்மெண்ட் நடந்தது. கோயிலுக்கு, பிராமணருக்கு, சத்திரத்துக்கு என்று விட்ட நிலங்களோடு படைவேலைக்காரர்களான அமரக்காரர்கள், கிராம ஊழியம் செய்தவர்கள் ஆகியோருக்கு விட்ட நிலமும் வரும். அரண்மனைக் கதைகளில் பெயரே வராத ஆட்கள் இந்தப் பதிவேட்டில் பெயரோடும் செய்யும் வேலையோடும் நிற்பார்கள்.

பரம்பரையாக ஊர்க் கணக்கும் நிர்வாகமும் பார்த்த கர்ணம், மணியம் முறை 1980-இல் ஒழிந்தது. அதற்கு முன் கணக்கு எழுதிய குடும்பங்களில் சில வீடுகளின் பரண்களில் பழைய கட்டுகள் இன்னும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது ‘எனக்குக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள், அங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். நிலத் தகராறு நடந்துகொண்டிருக்கும் வீடு என்றால் தள்ளியே இருப்பது உத்தமம்.

வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டை ஆங்கில ஆண்டாக்க 590 கூட்டுங்கள். பசலி 1350 என்றால் 1940 ஜூலையிலிருந்து 1941 ஜூன் வரை. சக ஆண்டுக்கு 78 கூட்டினால் போதும். பின்னங்களில் மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. பழைய கணக்குகளில் இவை எழுத்தில் இல்லாமல் குறியீடாக வரும், ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, ஊராட்சித் தீர்மானப் புத்தகம், கூட்டுறவுச் சங்கக் கணக்கு ஆகியவற்றையும் விடாதீர்கள். பெண்பிள்ளைகள் எந்த ஆண்டில் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள் என்று சேர்க்கைப் பதிவேடு நேராகச் சொல்லும். பின்னாளில் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்த முதல் பெண் யார் என்பது அந்தப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். தலைமை ஆசிரியரின் அனுமதி வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பெயரோடு அச்சிடாதீர்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

‘அப்பத்தா, அது எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் நம்ப முடியாது. ‘அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? மூத்தவர் பிறந்துட்டாரா? அந்தப் பெரும்புயலுக்கு முன்னயா பின்னயா?’ என்று கேளுங்கள். 1977 நவம்பர் புயல் இந்தப் பக்கத்தில் நல்ல கொக்கி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் அப்படியே. இப்படி இரண்டு பக்கமும் கொக்கி மாட்டினால் ஆண்டு ஓரளவு பிடிபடும்.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதை மறக்காதீர்கள். தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. தாது வருஷம் 1936-லும் வந்தது, 1996-லும் வந்தது. ‘எங்க அப்பாரு தாது வருஷத்துல பஞ்சம் பிழைக்கப் போனாரு’ என்று ஒருவர் சொன்னால் அப்பாருவின் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

ஒலிப்பதிவுக்கு முன் சம்மதம் கேளுங்கள், அந்தச் சம்மதமும் பதிவாகட்டும். பேச்சை எழுதும்போது அவர் பேசிய மாதிரியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பேட்டி எடுக்கும் இடமும் முக்கியம். ஊர்ப் பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் அந்தத் திண்ணையின் வரலாறுதான் கிடைக்கும். காலனிக்கும், மேய்ச்சல்காரர்களிடமும், நாற்று நடும் பெண்களிடமும் தனியாகப் போங்கள். வீட்டில் ஆண்கள் இருக்கும்போது பெண்கள் ‘எனக்கென்ன தெரியும்’ என்று உள்ளே போய்விடுவார்கள், இன்னொரு நாள் ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனால் மணிக்கணக்கில் பேசுவார்கள். மரப்பெட்டியில் அம்மன் காசு ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று இருக்கும் அந்தச் செப்புக் காசைக் கையில் எடுத்ததும் சமஸ்தானக் காலத்துப் பேச்சு தானாகத் தொடங்கும்.

இரண்டு செய்திகள் மோதினால்

சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். ஓவியங்கள் அறிவுலகின் கண்ணில் பட்ட புதிதில் அப்படித்தான் கருதினார்கள். அந்தக் குடைவரைக்கு வெளியே பாறையில் உள்ள கல்வெட்டைப் படித்த பிறகு நிலைமை மாறியது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் கட்டியதாக அது சொல்கிறது. பழைய கருத்து புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் படியெடுக்கப்பட்டு இன்னும் உயிரோடு சுற்றுகிறது. உங்களுக்கு இதில் உள்ள வேலை எளிது: ஒரு கூற்றை எடுத்தால் அது முதலில் எப்போது, எதை வைத்துச் சொல்லப்பட்டது என்று பின்னோக்கிப் போங்கள். பத்துப் புத்தகம் ஒரே விஷயத்தைச் சொன்னாலும், பத்தும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அது ஒரு சாட்சிதான்.

கஷ்டமானது வேறொரு வகை மோதல். 1799-இல் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமைக்குள், திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில். தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கும்பினியாரிடம் (கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம்) ஒப்படைத்தார்கள். இதை வைத்து ஊரையே ஏசுகிறவர்களும், ஏச்சுக்குப் பதில் சொல்லவே வாழ்நாளைச் செலவிட்டவர்களும் உண்டு. ஊர் வரலாறு எழுதுகிறவர் இந்த வழக்கில் வக்கீல் ஆக வேண்டியதில்லை. அன்றைய கடிதங்கள் சொல்வது, பின்னால் சமஸ்தானம் தன் வரலாற்றில் எழுதிக்கொண்டது, கதைப்பாடல் சொல்வது, சினிமா பார்த்த தலைமுறை நம்புவது என்று நான்கையும் தேதி போட்டு அடுக்குங்கள். எந்தக் கதை எந்தக் காலத்தில் பிறந்தது என்பதே ஒரு நல்ல அத்தியாயம். ஜாதிப் பெருமை பேசும் சிறு வெளியீடுகளையும் இதே தராசில் வைக்கலாம். அவற்றில் குலதெய்வம், இடப்பெயர்வு பற்றி உருப்படியான தகவல் இருக்கும். முன்னுரையை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

நேற்று நடந்ததும் வரலாறுதான்

1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டையில் எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரிப் பெண்கள் கூட அதில் முன்னால் நின்றார்கள். அன்று தொண்டராக ஓடியவர்களுக்கு இப்போது அறுபது எழுபது வயது. அவர்களுடைய நோட்டுகள், துண்டறிக்கைகள், பாட்டுப் புத்தகங்கள் பழைய பேப்பருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சோழர் கல்வெட்டு இன்னும் நூறு வருஷம் காத்திருக்கும், இவை காத்திருக்காது. 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டம், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகள் ஆகியவற்றுக்கான படங்கள் முழுவதும் தனியார் கைபேசிகளில்தான் இருக்கின்றன. கைபேசி மாற்றும்போது போய்விடும். முதலில் இவற்றைத் திரட்டிவிட்டு அப்புறம் சோழரிடம் போனாலும் குற்றமில்லை.

அடுக்கி வைப்பது, எழுதுவது, வெளியிடுவது

படக் கோப்புகளுக்குத் தேதி, ஊர், இடம், வரிசை எண் என்ற ஒழுங்கில் பெயர் வையுங்கள். அன்றன்று ராத்திரியே வையுங்கள், வாரக் கடைசியில் எந்தத் தூண் எந்த ஊர் என்று குழம்பும். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி வேண்டும், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

எழுதத் தொடங்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். கல்லில் இருந்து வந்ததா, காகிதத்தில் இருந்தா, வாய்மொழியா? ‘சொல்லப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’ என்று முடியும் வாக்கியங்களை எடுத்து, யார் சொன்னது, யார் கருதியது என்று மாற்றி எழுதுங்கள். மாற்ற முடியவில்லை என்றால் அந்த வாக்கியம் வேண்டாம். ‘புகழ்பெற்ற’, ‘தொன்மை வாய்ந்த’ போன்ற அடைமொழிகளையும் அதே கூடையில் போடலாம். ஒரு ஊருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பெயர், கண்மாய், குடும்ப எண்ணிக்கை என்று நான்கு வரியோடு விட்டுவிடுங்கள். தலபுராணத்தைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப வேண்டாம்.

அத்தியாய வரிசைக்கு என் பரிந்துரை: நிலமும் தண்ணீரும், எல்லைகள், ஊர்வாரிப் பகுதி, அதன் பிறகு சந்தை, பஞ்சம், கல்வி, போராட்டம் போன்ற பொருள்வாரிப் பகுதி. அரசர் பட்டியல் பின்னிணைப்பில் இரண்டு பக்கம் போதும். ஊர்வாரிப் பகுதிதான் புத்தகத்தின் உடம்பு, அதற்குப் பாதிக்கு மேல் இடம் ஒதுக்குங்கள். கடைசியில் ஊர்ப்பெயர், ஆள்பெயர்களுக்குப் பக்க எண்ணோடு அகரவரிசைப் பட்டியல் கட்டாயம். அது இல்லாத புத்தகத்தை அடுத்த ஆய்வாளர் திறக்கவே மாட்டார்.

அச்சுக்கு முன் ஊர்வாரிப் பக்கங்களை நகலெடுத்து அந்தந்த ஊரில் இரண்டு மூன்று பேரிடம், வேறு வேறு தெருக்காரர்களிடம், படிக்கக் கொடுங்கள். திருத்தமும் வரும், திட்டும் வரும். ஆதாரம் காட்டிச் சொன்னதை மட்டும் திருத்துங்கள்.

இருநூறு முந்நூறு பிரதி அச்சிட்டால் போதும். ஐ.எஸ்.பி.என் எண் இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்குக் காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். மாவட்ட மைய நூலகத்துக்கும், நீங்கள் எழுதிய ஒவ்வொரு ஊர்ப் பள்ளிக்கும் ஒரு பிரதி. மின்வடிவத்தை இணைய ஆவணகத்தில் ஏற்றுங்கள். கல்வெட்டு, குமிழி, கோயில் படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் இடக்குறியோடு நிலைத்திருக்கும். பேட்டிகளை, சம்மதம் கொடுத்தவர்களுடையதை மட்டும், ஏதாவது ஒரு ஆய்வு நூலகத்தில் மூல ஒலியாகவே ஒப்படையுங்கள்.

புத்தகம் வந்த மறுவாரமே தொலைபேசி வரத் தொடங்கும்: எங்கள் கண்மாயில் இன்னொரு குமிழி இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள் என்று. அதற்கென்று ஒரு தனி நோட்டுப் போட்டு, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் குறித்து வையுங்கள். கோடை வந்து தண்ணீர் வற்றியதும் போய்ப் பார்க்கலாம்.